கடைசிப் பாதை ஆறு மணிக்கு

எங்கள் பக்கம் புதிதாய் ஒருவனைக் கண்டால்
ஊருக்கு அடுத்துக் கேட்பது குடி.
"தம்பி என்ன குடி?"
தாயின் குடியைச் சொல்வோம்.
கோயிலில் எந்த நாள் திருவிழா நமதென்று
அதை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள்.
நான் பன்னிரண்டு வருடமாய்
வேறு குடி.

மேசன் வேலை.
கை நடுங்குவதை முதலில் கண்டது மனைவியல்ல,
ரசமட்டம்.
பிடித்தால் குமிழி நிற்காமல் ஓடும்.
சுவர் நேர்தான்.
இரண்டு கிளாஸ் இறங்கினால் குமிழி நடுவுக்கு வரும்.
அப்படி நேராக்கித்தான்
மண்டூரில் எத்தனை வீட்டுக்குச் சுவர் எழுப்பினேன்.

முதலில் போனது மட்டக்களப்பு டவுனில்
ஒரு சேர்ச் மண்டபம்.
நல்ல மனிதர்கள், வட்டமாய் இருந்தார்கள்,
மொழிபெயர்த்த புத்தகத்தில்
ஆளுக்கொரு பக்கம் வாசிக்க வேண்டும்.
நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.
"சரணாகதி"யில் நாக்கு இடறியது.
வாசித்து முடித்த வியர்வை காயுமுன்
தவறணையில் நின்றேன்.

பிறகு ஆஸ்பத்திரி கிளினிக்.
இலக்கம் முப்பத்தேழு.
தாதி அன்பாய்த்தான் கேட்டாள், மருந்தும் தந்தார்கள்,
அது இல்லாவிட்டால் முதல் கிழமையே
வலிப்பில் போயிருப்பேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.
ஆனால் வாங்கில் பக்கத்தில்
மகளின் கணக்கு மாஸ்டர்.
இருவரும் சுவரிலிருந்த நுளம்புப் படத்தை
ஒரு மணித்தியாலம் படித்தோம்.

மூன்றாவது ஊரிலேயே, பாலர் பாடசாலையில்.
ஆறு பேரில் நாலு பேர் சொந்தம்.
பத்தாம் நிமிடத்தில் கதை காணி எல்லைக்குப் போனது.
மச்சான் எழும்பிக் கற்பூரம் கொளுத்தி
"அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றான்.
பண்ணினேன்.
ஒன்பது நாள் எரிந்தது.

நாலாவதைச் சொன்னவன்
ஐஸ்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில்
மீன் விற்கும் நல்லரெட்ணம்.
"அக்கரையில ஒரு இடம் இரிக்கு.
கதைக்காமலும் இரிக்கலாம்."

பாதையில் ஏறி, குருமண்வெளித் துறையில் இறங்கி,
ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால்
டியூப் ஒட்டும் சொலுசன் மணக்கிற அறை.
ஏழு பிளாஸ்டிக் கதிரை,
ஒன்றுக்குக் கால் உடைந்து செங்கல் முட்டு.
முன்னாள் பஸ் கண்டக்டர் புவிராசா.
மீசை அரும்பிய ஒரு பொடியன்.
பாக்கியவதி அக்கா,
மகன் வராமல் போன வருடத்திலிருந்து குடித்தவள்.
எந்த வருடம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"தம்பி என்ன குடி?" என்றார் புவிராசா.
பழக்கத்தில் தாயின் குடியைச் சொன்னேன்.
"அதில்ல."
கொஞ்ச நேரம் பிடித்தது.
"கசிப்பு."
"நான் சாராயம்" என்றார்.
"பியர்" என்றான் பொடியன், "பிறகு எல்லாம்."
அக்கா கதிரையை என் பக்கம் இழுத்தாள்.
"தம்பி நம்மட குடி."
எத்தனை காலமோ, வெறியில்லாமல் சிரித்தேன்.

கூட்டம் ஐந்தரைக்கு.
கடைசிப் பாதை ஆறு மணிக்கு.
நாலு வியாழன், யாராவது அழத் தொடங்கும்போது
நான் வாசலில் செருப்புத் தேடினேன்.
ஐந்தாம் வியாழன் கதவில்
சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது: நாலரை.
காரணம் ஒருவரும் சொல்லவில்லை.
பொடியன் மட்டும் வேலைச் சட்டையோடு
மூச்சிரைக்க ஓடி வந்தான்.

ஆவணியில் விழுந்தேன்.
மணத்தோடுதான் போனேன்.
கதவருகே, காற்றுப் படும் இடத்தில்
செங்கல் கதிரையைப் போட்டார்கள்.
பிளேன்ரீ, சீனி கூட.
"இண்டைக்கு ஒண்டாம் நாள்" என்றாள் அக்கா,
சந்தையில் விலை சொல்வதுபோல.

இன்று நாற்பத்தொன்று.
இன்று அக்கா வரவில்லை.
ஆர் போய்ப் பார்ப்பது என்று கதைத்து முடிக்க
ஆறாகிவிட்டது, ஓடினேன்.
கயிறு அவிழ்த்தவன் என்னைக் கண்டு
மறுபடி கட்டினான்.

நடு வாவியில்
பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப்
பாதையின் பலகையில் வைத்தேன்.
குமிழி ஓடியது, திரும்பியது, ஓடியது.
அது வாவி.
நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அக்காவின் போன் மூன்றாம் தரமும் அடிக்கிறது.
எடு அக்கா.